அச்சத்தின் இருப்பிடம்: பறவை மூளை பற்றிய அறிவின் வரலாறு

திருகோணமலைத் துறைமுகத்திற்குத் தெற்கே, கொட்டியாரக் குடாவின் கரையிலிருந்து உள்நோக்கிப் பரந்து செல்லும் வயல்வெளிகளின் நடுவே அமைந்துள்ளது தோப்பூர். இப்பகுதி பண்டு கொட்டியாரப் பற்று என வழங்கியது. நெற்கதிர் பால்பிடிக்கும் காலத்தில் இங்கு வரம்பிலே நிற்பவர் மிகப் பழையதொரு போரைக் காணலாம். ஒருபுறம் உழவர், மறுபுறம் குருவியும் கிளியும் மயிலும் காகமும். உழவரின் படைக்கலங்கள் எளியவை. வைக்கோல் வெருளி, தட்டுவதற்கொரு தகரம், கயிற்றில் ஆடும் துணித்துண்டு, உரத்த கூவல் ஆகியவையே அவை.

இக்கருவிகளைக் கையாளும் உழவர் எவரும் இரண்டு உண்மைகளை அறிவர். வெருளியின் ஆட்சி சில நாட்களுக்கே செல்லும் என்பது ஒன்று. முதல் நாள் அதனைக் கண்டு விலகிய பறவை, சில நாட் சென்றபின் அதன் தலைமீதே வந்தமரும். இறந்த காகமொன்றைக் கம்பிலே தொங்கவிட்டால் ஏனைய காகங்கள் கரைந்து கூடிப் பின்னர் அவ்விடத்தை நெடுநாள் தவிர்க்கும் என்பது மற்றொன்று. ஓர் அச்சம் விரைவில் அழிகின்றது. மற்றோர் அச்சம் நிலைக்கின்றது. நிலைக்கும் அச்சம் பறவையினுள் எங்கே, எவ்வாறு தங்குகின்றது? வயல் வரம்பில் எழும் இவ்வினாவுக்கு விடை காண அறிவியல் ஏறக்குறைய ஒரு நூற்றாண்டைச் செலவிட்டது. அந்நூற்றாண்டின் பெரும்பகுதியில் ஒரு தவறான பெயர் அதன் வழியை மறித்து நின்றது. அவ்வரலாற்றினைச் சுருங்க நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பறவைகளை அச்சுறுத்துங் கலை தமிழருக்குப் புதியதன்று. தினைப்புனங் காத்தல் சங்க இலக்கியத்தின் குறிஞ்சித் திணையில் ஒரு நிலைத்த காட்சியாகும். கிளி கடிதற்கெனத் தழல், தட்டை, குளிர் முதலிய கருவிகள் இருந்தமையைக் குறிஞ்சிப்பாட்டு தெரிவிக்கின்றது. ஒரே தொழிலுக்குப் பல கருவிகள் வேண்டப்பட்டமை சிந்திக்கத்தக்கது. ஓசை பழகிப்போனால் அச்சம் நீங்கும் என்பதனைப் புனங்காத்தோர் அறிந்திருந்தனர் என ஊகிக்க இஃது இடந்தருகின்றது. காக்கைக்கும் கூகைக்கும் இடையிலான பகையைத் திருக்குறளின் காலமறிதல் அதிகாரம் உவமையாக எடுத்தாள்கின்றது. பஞ்சதந்திரத்தின் ஒரு பகுதி முழுவதும் அப்பகையின் மீதே கட்டப்பட்டுள்ளது. காகம் நினைவுடைய பறவை என்னும் எண்ணம் நம்மவரிடையே ஆழவேரூன்றியது. இந்துக்கள் முன்னோரை நினைந்து காகத்திற்குச் சோறிடுவர். தோப்பூர் மக்களிற் பெரும்பாலோர் இஸ்லாமியர். உடன்பிறந்தானின் உடலை எவ்வாறு அடக்குவதென அறியாது நின்ற ஆதத்தின் மகனுக்கு மண்ணைக் கிளறிக் காட்டியது காகமே எனத் திருக்குர்ஆன் கூறுவதை அவர்கள் அறிவர். இவ்விரு மரபுகளிலும் காகம் இறப்போடும் அறிவோடும் தொடர்புற்று நிற்றல் குறிப்பிடத்தக்கது.

இக்கொட்டியாரத்துக் கரையிலேதான் 1660ஆம் ஆண்டு றொபேட் நொக்ஸ் என்னும் ஆங்கில இளைஞர் கண்டி மன்னனின் ஆட்களாற் பிடிக்கப்பட்டார். ஏறக்குறைய இருபது ஆண்டுகள் சிறையிருந்து தப்பிச் சென்ற அவர், 1681இல் இலண்டனில் வெளியிட்ட இலங்கை வரலாற்று நூலில் இந்நாட்டுப் பறவைகளையும் குறித்துள்ளார். காகமும் குருவியும் தம் நாட்டில் உள்ளவற்றைப் போன்றனவே என்பது அவர் கூற்று. பறவையின் உருவத்தையும் ஊனையும் குரலையும் குறிப்பதோடு அக்காலத்து நூல்கள் அமைந்தன. அதன் உள்ளத்தைச் சோதனையால் அறியலாம் என்னும் எண்ணம் எழுவதற்கு மேலும் இரண்டு நூற்றாண்டுகள் செல்லவேண்டியிருந்தது.

அச்சோதனையைத் தொடங்கிவைத்தோருள் முதன்மையானவர் டக்ளஸ் ஸ்போல்டிங். அவர் கோழிக்குஞ்சுகள் முட்டையினின்றும் வெளிவந்து கண்திறக்கு முன்னரே அவற்றின் தலைக்கு உறையிட்டார். பின்னர் வெவ்வேறு நாட்களில் அவ்வுறையை நீக்கி அவற்றின் நடத்தையை நோக்கினார். முதல் மூன்று நாட்களுள் உறை நீக்கப்பட்ட குஞ்சுகள் அவரை அஞ்சாது பின்தொடர்ந்தன. ஏறக்குறைய நான்கு நாட்கள் உறையிடப்பட்டிருந்த குஞ்சுகளோ அவரைக் கண்டதும் பெரிதும் மருண்டு ஓடின. 1873இல் அவர் வெளியிட்ட இம்முடிவு, அச்சத்தின் ஒரு பகுதி கல்வியாலன்றிப் பிறப்பால் வருவது என்பதையும், அது வெளிப்படுவதற்கு உரிய காலம் உண்டு என்பதையும் காட்டியது.

கல்வியால் வரும் அச்சத்தைப் பிரிஸ்ரல் நகரில் ஆராய்ந்தவர் லொயிட் மோர்கன். கருமையும் மஞ்சளும் வரிவரியாக அமைந்த, சுவைக்கு ஒவ்வாத புழுக்களைக் கோழிக்குஞ்சுகளின் முன் அவர் இட்டார். கொத்திப் பார்த்து உதறிய குஞ்சு பின்னர் அப்புழுவைக் கண்ட அளவிலேயே விலகியது; நற்சுவையுடைய ஏனைய புழுக்களை முன்போலவே உண்டது. சிறிதளவு பட்டறிவே நிறத்தையும் தீங்கையும் பிணைத்துவிட்டது. 1896இல் வெளிவந்த அவரது நூல் பழக்கமும் இயல்பூக்கமும் எவ்வாறு இணைகின்றன என்பதை ஆராய்ந்தது. அவ்விணைப்பு மூளையில் எவ்விடத்தில் நிகழ்கின்றது என்பதைச் சோதிப்பதற்குரிய கருவிகள் அன்று இருக்கவில்லை.

இருபதாம் நூற்றாண்டில் இவ்வாராய்ச்சி வேறொரு திசையில் வளர்ந்தது. கொன்றாட் லோரன்ஸ், நிக்கோ டின்பேர்கன் ஆகிய இருவரும் 1937இல் ஒஸ்திரியாவின் அல்டன்பேர்க்கில் ஓர் அட்டை உருவத்தை இளம் பறவைகளின் மேலாகக் கம்பியில் இழுத்தனர். ஒரு திசையில் இழுத்தால் அது குறுங்கழுத்துடைய பருந்தாகவும், எதிர்த்திசையில் இழுத்தால் நெடுங்கழுத்துடைய வாத்தாகவும் தோன்றும். பருந்தின் உருவம் அச்சத்தை விளைத்ததெனக் கூறப்பட்டமையால், பகைவனின் வடிவம் பிறப்பிலேயே மூளையிற் பொறிக்கப்பட்டுள்ளது எனப் பலர் கருதினர். ஆனால் 1961இல் வொல்வ்காங் ஷிளைட் வான்கோழிகளைக் கொண்டு நடத்திய ஆய்வு இக்கருத்தைத் திருத்தியது. அடிக்கடி காட்டப்பட்ட உருவம் எதுவாயினும் பறவை அதற்குப் பழகிவிட்டது. அரிதாகக் காட்டப்பட்ட உருவமே அச்சத்தை விளைத்தது. வானில் வாத்து நாளும் பறப்பது. பருந்து எப்போதோ வருவது. பழகியதை அஞ்சாமை என்னும் எளிய விதி ஒன்றே இவ்வேறுபாட்டின் பெரும்பகுதியை விளக்கப் போதுமானதாயிற்று. தோப்பூர் வயலில் வெருளி தோற்பதற்கும் இதுவே காரணம். அது நாளும் நிற்கின்றது; ஆனால் யாதொரு தீங்கும் செய்வதில்லை.

இனி மூளைக்கு வருவோம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஜேர்மனியின் பிராங்க்பேர்ட் நகரில் லூட்விக் எடிங்கர் என்னும் பேரறிஞர் முதுகெலும்பிகளின் மூளைகளை ஒப்பிட்டு ஆராய்ந்தார். பாலூட்டிகளின் மூளையிலே வெளிப்புறமாக மடிப்புற்றுப் படைபடையாக அமைந்த மேற்பட்டை அறிவின் இருப்பிடம் எனவும், உள்ளே அமைந்த வரியுடல் என்னும் பகுதி இயல்பூக்கத்தின் இருப்பிடம் எனவும் அன்று கருதப்பட்டது. பறவையின் முன்மூளையில் அத்தகைய படைகள் காணப்படவில்லை. எனவே அதன் மிகப்பெரும் பகுதி வரியுடலே என எடிங்கரும் அவர் வழிவந்தோரும் முடிவுசெய்தனர். பழைய வரியுடல், தொல் வரியுடல், புதிய வரியுடல், மேல் வரியுடல் எனப் பறவை முன்மூளையின் பகுதிகள் யாவும் வரியுடல் என்னும் பெயரையே பெற்றன.

இப்பெயர்கள் ஒரு கோட்பாட்டைத் தம்முள் ஒளித்து வைத்திருந்தன. பெயரைக் கற்ற மாணவன் கோட்பாட்டையும் அறியாமலே கற்றான். பறவை ஒரு பொறி. அதற்கு இயல்பூக்கம் உண்டு, அறிவு இல்லை. ஆகவே அதன் மூளையில் நினைவைத் தேடுவது வீண் என்னும் எண்ணம் பாடநூல் வழியே தலைமுறை தலைமுறையாகப் பரவியது. சோதனையிற் குஞ்சு ஒருமுறையிலே கற்றுக்கொண்டதனை மோர்கன் கண்டிருந்தும், மூளையின் படத்தில் அக்கல்விக்கு இடமில்லாதிருந்தது.

இந்நிலை 1960களில் மாறத் தொடங்கியது. அமெரிக்காவில் ஹாவி கார்ட்டன் பறவை மூளையின் நரம்புத் தொடர்புகளையும் வேதியியல் அமைப்பையும் ஆராய்ந்து, வரியுடல் என வழங்கப்பட்ட பகுதிகளிற் பெரும்பாலானவை பாலூட்டிகளின் மேற்பட்டையைப் போன்று தொழிற்படுவன எனக் காட்டினார். 1964இல் பிலிப்ஸ் என்னும் ஆய்வாளர் காட்டுத் தாராக்களின் தொல் வரியுடல் எனப்பட்ட பகுதியிலே சேதம் விளைத்தபோது, அவற்றின் மருட்சி நீங்கி அவை மனிதனைக் கண்டு ஓடாத சாதுவான பறவைகளாயின. 1971இல் சையரும் கார்ட்டனும் புறாவின் மூளையை ஆராய்ந்து, அப்பகுதியின் ஒரு கூறு பாலூட்டிகளின் அமிக்டலாவுக்கு நிகரானது எனத் தெரிவித்தனர். அமிக்டலா என்பது வாதுமைப் பருப்பின் வடிவங் கருதி இடப்பட்ட பெயர். மனிதன் உள்ளிட்ட பாலூட்டிகளில் அச்சத்தைக் கற்பதற்கு இன்றியமையாத உறுப்பு அது. இவ்வாறாக, அச்சத்தின் வாயில் பறவை மூளையிலும் உண்டு என்பது உறுதியாயிற்று.

ஆயினும் அச்சத்தை உணர்தல் வேறு. அதனை நினைவாகச் சேமித்தல் வேறு. பின்னதை ஆராய்வதற்கு உதவிய உயிர், முட்டையினின்றும் வெளிவந்து ஒரு நாளே ஆன கோழிக்குஞ்சு ஆகும். 1969இல் அமெரிக்க ஆய்வாளர் ஆதர் செர்க்கின் ஓர் எளிய சோதனையைக் கையாண்டார். கண்ணிற் படுவதையெல்லாம் கொத்துவது குஞ்சின் இயல்பு. மெதைல் அந்திரனிலேற்று என்னும் திரவத்தில் தோய்த்த சிறுமணி ஒன்றைக் குஞ்சின் முன் காட்டினால் அது கொத்தும். உடனே தலையை உதறி அலகைத் தரையிலே துடைக்கும். பின்னர் அதுபோன்ற உலர்ந்த மணியைக் காட்டினால் அது கொத்தாது பின்வாங்கும். ஒருமுறை பட்டது போதும். இத்திரவம் மனிதனுக்குத் திராட்சைப் பழத்தின் மணமுடையது; பறவைக்கோ பொறுக்கவொண்ணாதது. அமெரிக்காவில் இதே பொருள் பயிர்களினின்றும் பறவைகளை விலக்குவதற்கும் தெளிக்கப்படுகின்றது. ஆய்வுகூடத்தின் மணியும் வயலின் வெருளியும் ஒரே வினாவின் இரு வடிவங்கள் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டியதில்லை.

கசப்பை வெறுத்தல் அச்சமாகுமோ என ஈண்டு ஒருவர் வினவலாம். வெறுப்பும் அச்சமும் ஒன்றல்ல என்பது உண்மையே. எனினும் தீங்கு விளைத்த பொருளை அடையாளங்கண்டு, அது மீண்டுந் தோன்றும்போது பின்வாங்குதல் அச்ச நினைவின் அடிப்படைச் செயலாகும். அச்செயலைத் தனித்துப் பிரித்து ஆராய இச்சோதனை இடந்தந்தது என்பதே அதன் பெருமை.

அவுஸ்திரேலியாவின் மெல்பேண் நகரில் மேரி கிப்ஸ், கிம் இங் ஆகிய இருவரும் 1970களில் இச்சோதனையைக் கொண்டு நினைவின் காலப்படிகளை வகுத்தனர். வெவ்வேறு நேரங்களில் வெவ்வேறு மருந்துகளை ஏற்றி, எம்மருந்து எந்நேரத்தில் நினைவைக் குலைக்கின்றது எனக் கண்டனர். முதற் பத்து நிமிடங்கள் வரை குறுங்கால நினைவு. பின்னர் ஏறக்குறைய ஒரு மணி நேரம் வரை இடைக்கால நினைவு. அதன் பின்னரே நெடுங்கால நினைவு. இறுதிப் படிக்குப் புதிய புரதங்கள் உருவாதல் வேண்டும். புரத ஆக்கத்தைத் தடுத்தால் குஞ்சு சிறிது நேரம் நினைவுடன் இருந்து பின்னர் மறந்துவிடும்.

இடத்தைப் பற்றிய விடை இங்கிலாந்திலிருந்து வந்தது. கேம்பிரிட்ஜில் கேபிரியேல் ஹோர்ன், பற்றிக் பேற்சன் ஆகியோர், பிறந்த குஞ்சு தாயின் உருவத்தை மனத்திற் பதித்துக்கொள்ளும் முறையை ஆராய்ந்து, முன்மூளையின் நடுப்பகுதியில் அப்பதிவுக்குரிய சிறு பரப்பொன்றை இனங்கண்டனர். அவர்களோடு தொடக்கத்திற் பணியாற்றிய ஸ்ரீவன் றோஸ், திறந்த பல்கலைக்கழகத்தில் உயிரியற் பேராசிரியராக இருந்து, கசப்பு மணியின் நினைவைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தார். கதிர்த்தொழிற்பாடுள்ள குளுக்கோசு போன்ற பொருளைக் குஞ்சுக்கு ஏற்றியபோது, பயிற்சியின் பின்னர் அதே நடுப்பரப்பும், உள்ளே அமைந்த உண்மையான வரியுடலின் ஒரு பகுதியும் மிகுதியாகத் தொழிற்பட்டமை தெரியவந்தது. இம்மாற்றங்கள் சிறப்பாக மூளையின் இடப்பாகத்தில் நிகழ்ந்தன. மறுநாள் நுணுக்குக்காட்டியிற் பார்த்தபோது, அப்பரப்பின் நரம்புக்கலக் கிளைகளில் இணைப்புகளைத் தாங்கும் சிறு முட்கள் எண்ணிக்கையிற் பெருகியிருந்தன.

இம்மாற்றம் நினைவாலா, வெறுங் கசப்பின் தாக்கத்தாலா என்னும் ஐயம் எழுதல் இயல்பு. அதனைத் தீர்க்க ஒரு நுட்பமான வழி கையாளப்பட்டது. கசப்பை உணர்ந்த குஞ்சுகளுக்குப் பயிற்சி முடிந்த சில நிமிடங்களில் மெல்லிய மின்னதிர்ச்சி தரப்பட்டது. அவற்றுட் சில மறந்தன, சில மறவாதிருந்தன. எல்லாக் குஞ்சுகளும் கசப்பையும் உணர்ந்தன, அதிர்ச்சியையும் பெற்றன. ஆயின் முட்களின் பெருக்கம் மறவாத குஞ்சுகளிலேயே காணப்பட்டது. 1988இல் வெளியிடப்பட்ட இம்முடிவு, நினைவு என்பது மூளையின் உருவத்திலேயே நிகழும் மாற்றம் என்பதற்குச் சிறந்த சான்றுகளுள் ஒன்றாகும்.

எனினும் ஓரிடத்தைக் கண்டதோடு கதை முடியவில்லை. பயிற்சிக்கு முன்னர் இடப்புற நடுப்பரப்பை நீக்கினால் குஞ்சு கசப்பை நினைவிற் கொள்ளவில்லை. பயிற்சி முடிந்து ஒரு மணி நேரத்தின் பின் அதே பரப்பை நீக்கினாலோ நினைவு கெடாதிருந்தது! அந்நேரத்தில் வரியுடற் பகுதியை நீக்கினால்தான் நினைவு அழிந்தது. ஒரு மணி நேரத்துள் நினைவு தன் முதல் இடத்தை மட்டும் நம்பியிராது வேறிடங்களுக்கும் சென்றுவிட்டது. நினைவை ஏட்டில் எழுதிய எழுத்தாகக் கருதி, எழுதிய ஏட்டைக் கிழித்தால் எழுத்தும் அழியும் என எண்ணியோருக்கு இது பெருவியப்பை அளித்தது. அச்சம் பதியும் இடம் ஒன்று. அது வாழும் இடங்கள் வேறு.

மற்றுமொரு முடிவு உழவரின் பட்டறிவோடு நேரடியாகப் பொருந்துகின்றது. திரவத்தின் செறிவைக் குறைத்தால் குஞ்சு சில மணி நேரமே நினைவிற் கொள்ளும், மறுநாள் மறந்துவிடும். அக்குஞ்சுக்குக் கோட்டிக்கொஸ்தரோன் என்னும் ஓமோனைப் பயிற்சி வேளையில் ஏற்றினால் அதே மெல்லிய பட்டறிவும் மறுநாள் வரை நிலைத்து நின்றது. கார்மன் சாண்டியும் றோசும் 1994இல் இதனைக் காட்டினர். உடல் நெருக்கடிக்குள்ளாகும்போது சுரப்பது அந்த ஓமோன். ஆகவே உடல் உண்மையாக நடுங்கிய நேரத்து நிகழ்ச்சியே மூளையில் நெடிது தங்குகின்றது. வெருளி உடலை நடுங்கச் செய்வதில்லை.

அச்ச நினைவை அழிக்கவியலுமா என்பதும் சோதிக்கப்பட்டது. உலர்ந்த மணியைக் காட்டிப் பழைய நினைவைத் தூண்டி, அவ்வேளையிற் புரத ஆக்கத்தைத் தடுத்தால் குஞ்சு கசப்பை மறந்தது போல நடந்துகொண்டது. ஆனால் மொஸ்கோவைச் சேர்ந்த கொன்ஸ்தந்தின் அனோக்கின் முதலியோர் றோசுடன் இணைந்து 2002இல் வெளியிட்ட ஆய்வின்படி, அம்மறதி நிலையானதன்று. காலஞ்செல்ல நினைவு திரும்பிவந்தது. அழிந்ததெனத் தோன்றியது உண்மையில் மறைந்தே இருந்தது.

இத்தகைய முடிவுகள் குவிந்தபின் எடிங்கரின் பெயர்கள் நிலைக்கவியலாதனவாயின. 2002இல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் அறிஞர் பலர் கூடி ஆராய்ந்து, 2004இல் புதிய பெயர்ப் பட்டியலொன்றை வெளியிட்டனர். வரியுடல் என்னும் பெயர் அதற்குரிய சிறுபகுதிக்கு மட்டும் நிறுத்தப்பட்டது. ஏனையவை மூளைப் போர்வை என்னும் பொருள்படும் பெயர்களைப் பெற்றன. குஞ்சின் நினைவு பதியும் நடுப்பரப்பு மேல் வரியுடலினின்றும் இடைப்போர்வை ஆயிற்று. தொல் வரியுடல் விற்போர்வை ஆயிற்று. அதன் அயலில் அமைந்த அமிக்டலாக் கூறுகளும் தமக்குரிய பெயரைப் பெற்றன. 2016இல் வெளியான ஓர் ஆய்வு, காக்கை இனத்தினதும் கிளி இனத்தினதும் சிறிய மூளையில் நரம்புக்கலங்கள் மிகச் செறிவாக அமைந்து, முன்மூளையின் கல எண்ணிக்கையில் அவை பல குரங்கினங்களுக்கு ஒப்பாகவோ மேலாகவோ உள்ளன எனக் கணக்கிட்டது.

ஆய்வுகூடக் குஞ்சின் ஒரு நாள் நினைவுக்கும் வயற் காகத்தின் நெடுநாள் நினைவுக்கும் இடையே இன்னும் தொலைவு இருந்தது. அத்தொலைவைக் குறைத்தவர் அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்து ஜோன் மார்ஸ்லஃப். 2006இல் அவரும் மாணவரும் குகைமனிதனின் முகமூடியை அணிந்து, சியாற்றில் நகரிலுள்ள பல்கலைக்கழக வளாகத்தில் ஏழு காகங்களைப் பிடித்து, வளையமிட்டு விடுவித்தனர். பின்னர் அம்முகமூடியை அணிந்து எவர் நடந்தாலும் காகங்கள் கூடிக் கரைந்தன. அன்றைய துணைச் சனாதிபதி செனியின் முகமூடியை அணிந்து நடந்தபோது அவை அத்தகைய பகைமையைக் காட்டவில்லை. பிடிபட்ட காகங்கள் ஏழே; கரைந்த காகங்களோ ஆண்டுதோறும் பெருகின. பிடித்தல் நிகழ்ந்த இடத்திற்கு ஒரு கிலோமீற்றருக்கு அப்பாலும் அவ்வெச்சரிக்கை பரவியது. 2006இற் பிறந்தேயிராத காகங்களும் அம்முகத்தைக் கண்டு கரைந்தன. பெற்றோரும் கூட்டமும் கற்பித்தமையே இதற்குக் காரணம். ஓர் உயிரின் மூளையிற் பதிந்த அச்சம் இனத்தின் உடைமையாயிற்று.

2012இல் அவரது குழுவினர் காகங்களின் மூளையை உயிரோடு படம்பிடித்தனர். தன்னைப் பிடித்தவனின் முகத்தைக் கண்ட காகத்தில் அமிக்டலா உள்ளிட்ட அச்சக் கற்றலின் தொடர்கள் தொழிற்பட்டன. 2013இல் வெளியான தொடர் ஆய்வு மேலும் நுட்பமானது. பிடித்தவனைக் கண்டபோது அமிக்டலாவும், பருந்தின் பாடம்செய்த உடலைக் கண்டபோது கூட்டுப்போர்வை எனத்தக்க பின்பகுதியும், இறந்த காகத்தை ஏந்திய மனிதனைக் கண்டபோது இப்போகம்பசும் சிறப்பாகத் தொழிற்பட்டன. இப்போகம்பசு இடத்தையும் நிகழ்ச்சியையும் நினைவிற் பிணைக்கும் உறுப்பு. கம்பிலே தொங்கும் இறந்த காகம் ஏன் வலிய கருவியாகின்றது என்பதற்கு ஈண்டு விடையின் ஒரு பகுதி கிடைக்கின்றது. வெருளி காகத்திடம் ஓர் உருவத்தைக் காட்டுகின்றது. இறந்த காகமோ இவ்விடத்தில் இன்னது நிகழ்ந்தது எனக் கூறுகின்றது.

2019இல் கனடாவின் மேற்குப் பல்கலைக்கழகத்தில் லியானா சனெற் குழுவினர் ஒருபடி மேலே சென்றனர். சிக்கடீ என்னும் காட்டுச் சிறுகுருவிகளுக்கு இரண்டு நாட்கள் கொன்றுண்ணிப் பறவைகளின் குரலைக் கேட்கச் செய்தனர்; தீங்கற்ற பறவைகளின் குரலை வேறு சில குருவிகளுக்குக் கேட்கச் செய்தனர். பின்னர் ஏழு நாட்கள் அவற்றைக் கூட்டமாக வெளியில் வாழவிட்டனர். அவ்வேழு நாட்களிலும் அச்சுறுத்தும் குரல் எதுவுங் கேட்கவில்லை. எனினும் முதற் குழுவின் குருவிகள் எச்சரிக்கைக் குரலைக் கேட்டபோது கூடிய நேரம் அசையாது விழித்திருந்தன. அவற்றின் அமிக்டலாவிலும் இப்போகம்பசிலும் நீடித்த தூண்டலைக் காட்டும் புரதம் மிகுந்திருந்தது. எப்பறவையும் தீண்டப்படவில்லை; குரல் மட்டுமே கேட்டது. ஆயினும் மூளையில் அது தங்கிவிட்டது.

இவ்வரலாறு நமக்கு உணர்த்துவன யாவை? முதலாவதாக, அச்ச நினைவு ஓரிடத்து முத்திரையன்று. அது காலத்தில் நடைபெறும் ஒரு செயல். நிமிடங்களிற் தொடங்கி, மணிக்கணக்கில் இடம்பெயர்ந்து, உடலின் ஓமோனால் உறுதிபெற்று, இறுதியிற் கூட்டத்தின் குரலால் பிற மூளைகளுக்கும் செல்கின்றது. ஆகவே அது எங்கே இருக்கின்றது என்னும் வினாவுக்கு ஒரே சொல்லில் விடைகூற இயலாது.

இரண்டாவதாக, இவ்வறிவு மனிதருக்கும் பயன்படத்தக்கது. தோப்பூரும் மூதூரும் 2004 மார்கழியிற் கடல்கோளின் அழிவைக் கண்ட மாவட்டத்தைச் சேர்ந்தவை; 2006 ஆவணியிற் போரின் நடுவே தம் மக்கள் கந்தளாய் நோக்கி இடம்பெயர்ந்ததைக் கண்டவை. போர் 2009இல் முடிவுற்றது. ஆயினும் வெடியோசை போன்றதொரு சத்தம் கேட்டதும் திடுக்கிட்டு எழும் முதியவரை எவரும் கோழை எனக் கூறுதல் தகாது. தீண்டப்படாத குருவியின் மூளையிலும் குரல் ஏழு நாட்கள் தங்குமாயின், உற்றாரை இழந்த மனிதனின் மூளையில் அது ஆண்டுகள் தங்குவதில் வியப்பென்ன? மறந்துவிடு என்று கூறுவதால் அது நீங்குவதில்லை. மறைந்தது போலிருந்து மீளுவதனைக் குஞ்சின் சோதனையே காட்டியது. பறவையின் மூளையை மனிதனின் மூளையோடு ஒன்றாக்குதல் கூடாது என்பது உண்மையே. எனினும் நீங்காத அச்சம் உள்ளத்தின் குறைபாடன்று, உயிரைக் காக்க எழுந்த உடலின் தொழில் என்பதனை இரண்டும் ஒருங்கே உணர்த்துகின்றன. சியாற்றில் வளாகத்திற் பிறந்திராத காகங்கள் கரைந்தமை வேறோர் எச்சரிக்கையையும் தருகின்றது. எந்த முகத்தை அஞ்சவேண்டும் என்பதனை மூத்தோர் இளையோருக்குக் கற்பிக்கின்றனர். அக்காகங்கள் முகமூடி ஒன்றையே அஞ்சக் கற்றன. மனித இனம் முழுவதையும் அன்று. நம் பிள்ளைகளுக்கு நாம் கற்பிக்கும் அச்சமும் அவ்வளவேனும் நுட்பமுடையதாக இருத்தல் வேண்டும்.

மூன்றாவதாக, கலைச்சொல் ஆக்கத்தில் ஈடுபடும் நம் போன்ற சங்கங்களுக்கு இவ்வரலாறு ஒரு பாடமாகும். ஒரு பெயர் ஏறக்குறைய நூறு ஆண்டுகள் ஒரு துறையின் கண்ணை மறைத்தது. அறிவில்லாதது எனப் பெயரிடப்பட்ட மூளையில் அறிவைத் தேட முனைந்தோர் சிலரே. அறிவியலைத் தமிழில் எழுதும்போது பிறமொழியின் பழைய பெயரை அப்படியே பெயர்த்தெடுத்தால் அதனுள் உறையும் பழைய பிழையையும் சேர்த்தே நாம் ஏற்றுக்கொள்வோம். பொருளை நேரே நோக்கிப் பெயரிடும் துணிவு நமக்கு வேண்டும்.

அத்துணிவுக்கு முன்மாதிரி தொலைவில் இல்லை. கொட்டியாரத்து வயல் வரம்பில் நிற்கும் உழவர் பறவையைப் பொறி எனக் கருதியதில்லை. அவர் வெருளியை நாளுக்கு நாள் இடம்மாற்றி நாட்டுகின்றார்; தகரத்தின் ஓசையை மாற்றுகின்றார்; எதிரே அமர்ந்திருக்கும் பறவை கற்கின்றது, நினைக்கின்றது, மறக்கின்றது என்பதை ஏற்றுக்கொண்டே தம் தொழிலைச் செய்கின்றார். எடிங்கரின் படத்தைத் திருத்துவதற்கு ஆய்வுகூடங்கள் எடுத்துக்கொண்ட நூறாண்டின் முடிவில் அறிவியல் வந்து நிற்கும் இடமும் அவ்வரம்பே ஆகும்.